கலிஃபோர்னியா கடலின் குளிரும் சர்ஃபிங் வெட்சூட்டும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கோவளத்திலோ மாமல்லபுரத்திலோ அறுகம்பேயிலோ சர்ஃபிங் பழகிவிட்டு, வேலைக்காகவோ படிப்புக்காகவோ சான் பிரான்சிஸ்கோ பக்கம் வந்து சேரும் நம்மவர்கள் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்பவை இவை. அலையைப் பற்றிக் கேட்பவர்கள் குறைவு, குளிரைப் பற்றிக் கேட்பவர்கள்தான் அதிகம். முதல் நாளே விறைத்துப்போய் போர்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, பிறகு கடல் பக்கமே போகாத சிலரை எனக்குத் தெரியும். ஊரில் நன்றாக அலை ஏறியவர்கள் அவர்கள். சரியான வெட்சூட், அதாவது உடம்போடு ஒட்டிய ரப்பர் உடை, மட்டும் கிடைத்திருந்தால் இன்றைக்கும் கடலில் இருந்திருப்பார்கள் என்ற வருத்தத்தில்தான் இதை எழுதுகிறேன்.

வெப்பநிலைகளை செல்சியஸில் தந்திருக்கிறேன். இங்கே எல்லாரும் ஃபாரன்ஹீட்டில் பேசுவார்கள். 50 என்றால் 10 டிகிரி, 55 என்றால் ஏறத்தாழ 13, 60 என்றால் பதினைந்தரை, 70 என்றால் 21. இந்த நான்கும் மனதில் இருந்தால் போதும்.

ஜூன் மாதம், நல்ல வெயில். வெட்சூட் இல்லாமல் இறங்கலாமா?

வேண்டாம். வெளியே 25 டிகிரி அடிக்கும் நாளிலும் சான் பிரான்சிஸ்கோ ஓஷன் பீச்சில் தண்ணீர் 11, 12 டிகிரிதான் இருக்கும். காற்றைவிடத் தண்ணீர் உடம்புச் சூட்டை ஏறத்தாழ 25 மடங்கு வேகமாக இழுத்துக்கொள்ளும். சென்னைக் கடல் தை மாதத்திலேயே 26 டிகிரிக்குப் பக்கத்தில் இருக்கும், மே மாதத்தில் 30ஐத் தொடும். குளிர்ந்த கடல் என்று நாம் நினைத்துக்கொண்டிருந்ததே அந்த 26தான். ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்து அரை மணி நேரம் வெளியே வைத்த தண்ணீர் பாட்டிலைத் தொட்டுப் பாருங்கள், இங்கே கடல் ஏறக்குறைய அப்படித்தான்.

நான் முதல் முறை இறங்கியதும் ஒரு ஜூன் மாதத்தில்தான். வாடகைக்குக் கொடுத்த சூட் ஒரு அளவு பெரிது. கொஞ்சம் தளர்வாக இருந்தால் நல்லது என்றே நினைத்தேன். இருபது நிமிடத்தில் விரல்கள் மடங்கிப்போய், போர்டையும் கணுக்காலையும் இணைக்கும் லீஷ் கயிற்றை என்னால் கழற்ற முடியவில்லை. கரையில் நாயோடு நடந்துகொண்டிருந்த ஒரு பெரியவர் குனிந்து கழற்றிவிட்டார். கை சொன்ன பேச்சைக் கேட்காமல் போகும் அந்த உணர்வு எனக்கு இன்னும் மறக்கவில்லை.

எந்த மாதத்தில் தண்ணீர் எவ்வளவு குளிராக இருக்கும்?

ஓஷன் பீச், பசிஃபிகா, ஹாஃப் மூன் பே வரிசையில் ஏப்ரல், மே மாதங்களில் 10 முதல் 12 டிகிரி. செப்டம்பர், அக்டோபரில் 14 முதல் 16. டிசம்பர், ஜனவரியில் 11 முதல் 13. மீண்டும் ஒரு முறை பாருங்கள்: வருடத்தின் மிகக் குளிர்ந்த தண்ணீர் குளிர்காலத்தில் இல்லை, வசந்தத்தில் இருக்கிறது. ஊரில் இருந்து வரும் யாரும் இதை எதிர்பார்ப்பதில்லை.

சாந்தா குரூஸ் நகரம் மான்டரே விரிகுடாவின் வடக்கு ஓரத்தில் தெற்கு பார்த்து இருப்பதால் காற்று கொஞ்சம் மறைவு. அங்கே ஓரிரு டிகிரி கூடுதலாக இருக்கும் என்று வைத்துக்கொள்ளலாம்.

வசந்தத்தில் ஏன் தண்ணீர் இன்னும் குளிர்கிறது?

இதைப் புரிந்துகொண்டால் காற்றைப் பார்த்தே வெட்சூட்டைத் தேர்ந்தெடுக்கலாம். அதனால் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன்.

மார்ச் கடைசியிலிருந்து கோடை வரை இந்தக் கரையில் வடமேற்கிலிருந்து காற்று விடாமல் வீசும். அது கரையை ஒட்டித் தெற்கு நோக்கி அடிக்கும் காற்று. பூமி சுழல்வதால், நம் வட அரைக்கோளத்தில் காற்று தள்ளும் மேல்நீர் காற்றின் போக்குக்கு வலப்பக்கமாக விலகிப் போகும். தெற்கு பார்த்து நின்றால் வலக்கைப் பக்கம் மேற்கு, அங்கே இருப்பது ஆழ்கடல். ஆக, வெயிலில் சூடான மேல்நீர் கரையை விட்டு வெளியே போகிறது. காலியான இடத்தை நிரப்ப அடியிலிருந்து குளிர்ந்த நீர் ஏறி வருகிறது. கடல் ஆய்வாளர்கள் இதை மேலெழுச்சி என்பார்கள். காற்று எவ்வளவு நாள், எவ்வளவு பலமாக அடித்ததோ அவ்வளவுக்குத் தண்ணீர் இறங்கும். மூன்று நான்கு நாள் பலத்த வடமேற்குக் காற்றுக்குப் பிறகு போன வாரத்தைவிட இரண்டு மூன்று டிகிரி குறைந்திருப்பது சாதாரணம். காற்று ஓய்ந்து சில நாள் போனால் மெல்ல ஏறும்.

அடியிலிருந்து வரும் நீரில் சத்து அதிகம். அதை நம்பிப் பாசி, பாசியை நம்பிச் சிறு மீன், அதன் பின்னால் திமிங்கிலம் வரை வருகின்றன. கோடையில் சான் பிரான்சிஸ்கோவை மூடும் பனிமூட்டத்துக்கும் இந்தக் குளிர்ந்த நீருக்கும் தொடர்பு உண்டு: கடல் மேல் வரும் ஈரக்காற்று இந்தக் குளிர்ந்த பரப்பைத் தொட்டதும் மூடுபனியாகிவிடுகிறது.

நமக்கு இது புதிதும் இல்லை. தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்தில் கன்னியாகுமரியிலிருந்து கேரளக் கரை நெடுக நடப்பதும் இதே மேலெழுச்சிதான். அந்தக் கரையில் மத்தி, குமரிப் பக்கம் சாளை என்பார்களே, அது கூட்டம் கூட்டமாகச் சேர்வதற்கும் இதுதான் அடிப்படை. ஆடி மாதம் முட்டத்திலோ குளச்சலிலோ காலை நனைத்து, என்ன இப்படிச் சில்லென்று இருக்கிறது என்று சொன்னவர்கள் இதை நேரிலேயே உணர்ந்திருக்கிறார்கள். அங்கே சில டிகிரியோடு நின்றுவிடும். இங்கே வடக்கிலிருந்து வரும் கலிஃபோர்னியா நீரோட்டம் ஏற்கெனவே குளிர்ந்தது, அதன் மேல் மேலெழுச்சியும் சேர்கிறது.

சான் டியாகோவில் இருக்கும் நண்பர் வெறும் ஷார்ட்ஸோடு இறங்குகிறாரே?

ஆகஸ்டில் இறங்குவார். அங்கே அப்போது 20 முதல் 22 டிகிரி. பாயிண்ட் கன்செப்ஷன் என்ற முனையில் கலிஃபோர்னியாவின் கரை சட்டென்று கிழக்கே திரும்புகிறது. குளிர் நீரோட்டம் வளையாமல் தெற்கே போய்விடுகிறது, வடமேற்குக் காற்றும் கரையை விட்டு விலகுகிறது. அதனால் அந்த முனைக்குக் கீழே சாந்தா பார்பரா முதல் சான் டியாகோ வரை வேறு கடல் என்றே சொல்லலாம். ஆனாலும் ஜனவரி, பிப்ரவரியில் அங்கேயும் 14 டிகிரிக்கு வந்துவிடும்.

லா ஹோயாவில் ஸ்கிரிப்ஸ் கடலாய்வு நிலையத்தின் பாலத்தில் 1916லிருந்து தினமும் கடல் வெப்பநிலையை அளந்து குறித்து வருகிறார்கள். 2018 ஆகஸ்டில் அங்கே 1931இன் பழைய சாதனை முறிந்து, தண்ணீர் 26 டிகிரியைத் தாண்டியது. நூறு வருடத்துக்கும் மேலான பதிவில் அவர்கள் கண்ட உச்சமே நம் சென்னையின் தை மாதக் கடல்தான்.

பசிஃபிக் கடல் வழக்கத்தைவிடச் சூடாகும் எல் நினோ ஆண்டுகளிலும் கணக்கு மாறும். 2014 முதல் 2016 வரை பசிஃபிக்கில் ஒரு பெரிய வெப்பநீர்ப் பரப்பு தங்கியிருந்தபோது வட கலிஃபோர்னியாவிலேயே வழக்கத்தைவிட இரண்டு மூன்று டிகிரி கூடியிருந்தது. அதனால்தான் மாத அட்டவணையை மட்டும் நம்பாதீர்கள் என்கிறேன்.

இன்றைய கடல் வெப்பநிலையை எங்கே பார்ப்பது?

அமெரிக்க அரசின் கடல், வானிலை அமைப்பான நோவா கடலில் மிதவைகளை நிறுத்தியிருக்கிறது. சான் பிரான்சிஸ்கோவுக்கு 46026 என்ற எண்ணுள்ள மிதவை. அதில் அலை உயரம், காற்று, நீரின் வெப்பம் எல்லாம் இலவசமாகக் கிடைக்கும். அது கரையிலிருந்து சுமார் 18 கடல் மைல் தள்ளி நிற்கிறது, கரையோரத்தில் ஒரு டிகிரி முன்னே பின்னே இருக்கலாம். காலையில் மிதவையின் நீர் வெப்பத்தையும் கடந்த இரண்டு மூன்று நாள் காற்றின் திசையையும் சேர்த்துப் பார்ப்பது என் வழக்கம். வடமேற்குக் காற்று தொடர்ந்து அடித்திருந்தால் தடிமனான சூட்டை எடுத்து வண்டியில் போடுவேன்.

3/2, 4/3, 5/4 என்றால் என்ன?

மில்லிமீட்டர். முதல் எண் நெஞ்சு, முதுகுப் பகுதியின் தடிமன். இரண்டாவது எண் கை கால்களின் தடிமன். நெஞ்சின் வெப்பத்தைக் காப்பாற்ற வேண்டும், தோள் வலிக்காமல் கையால் துடுப்புப் போடவும் வேண்டும், அதனால் இந்த ஏற்பாடு. 5/4/3 என்று மூன்று எண் இருந்தால் நெஞ்சு, கால், கை.

கையும் காலும் குட்டையாக இருப்பதை இங்கே ஸ்பிரிங்சூட் என்கிறார்கள். வட கலிஃபோர்னியாவில் அது உங்களுக்கு உதவாது.

வெட்சூட்டுக்குள் புகும் தண்ணீர்தான் சூடாகி உடம்பைக் காக்கிறது என்கிறார்களே?

பாதிதான் உண்மை. நியோப்ரீன் என்பது 1930இல் டூபாண்ட் நிறுவனம் கண்டுபிடித்த செயற்கை ரப்பர். வெட்சூட்டில் இருப்பது அதன் நுரை வடிவம், உள்ளே கோடிக்கணக்கில் சிறு சிறு வாயுக் குமிழிகள். சூடு கடத்தாமல் தடுப்பது அந்தக் குமிழிகள்தான். தோலுக்கும் வெட்சூட்டுக்கும் நடுவே தங்கும் மெல்லிய நீர்ப்படலம் உடம்புச் சூட்டில் வெதுவெதுப்பாகிவிடும், அது அங்கேயே இருக்கும்வரை தொந்தரவில்லை. அலை அடிக்கும்போதெல்லாம் அது வெளியே போய்ப் புதுக் குளிர்நீர் உள்ளே வந்தால், ஒவ்வொரு முறையும் புதிதாகச் சூடாக்க வேண்டியது உங்கள் உடம்பு. எனவே உள்ளே தண்ணீர் எவ்வளவு குறைவாக வருகிறதோ அவ்வளவு நல்லது.

நனைந்தாலும் பரவாயில்லை, வெப்பம் தடுக்கும் வேலையைத் துணிக்குள் இருக்கும் வாயு செய்துவிடும் என்பதைத் தெளிவாகக் கண்டவர் பெர்க்லியின் இயற்பியலாளர் ஹ்யூ பிராட்னர். 1950களின் தொடக்கத்தில் கடற்படை முக்குளிப்பவர்களுக்காக அவர் இதை யோசித்தார். அதைச் சர்ஃபர்களிடம் கொண்டுபோனவர்களில் முக்கியமானவர் ஜாக் ஓ'நீல். 1952இல் சான் பிரான்சிஸ்கோவில் கடை போட்டு, 1959இல் சாந்தா குரூஸுக்கு மாறினார். தெற்கே ரெடாண்டோ பீச்சில் மீஸ்ட்ரல் சகோதரர்கள் அதே காலத்தில் தங்கள் சூட்டைச் செய்தார்கள். யார் முதல் என்று நெடுநாள் வழக்குப் பேசினார்கள். வரிசைப்படி பிராட்னர்தான் முன்னால் என்பது என் எண்ணம்.

இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு 1885 நினைவுக்கு வரும். அந்த வருடம் ஹவாயின் மூன்று இளவரசர்கள் சாந்தா குரூஸில் சான் லொரென்சோ ஆற்று முகத்தில் ரெட்வுட் பலகைகளில் அலை ஏறினார்கள். அமெரிக்கப் பெருநிலத்தில் பதிவான முதல் சர்ஃபிங் அதுதான். வெதுவெதுப்பான கடலில் பிறந்தவர்கள், இந்தத் தண்ணீரில், எந்த ரப்பர் உடையும் இல்லாமல். ஆற்று முகத்தில் இன்றைக்கு நின்று பார்த்தாலும் அவர்கள் மேல் எனக்குத் தனி மரியாதை வருகிறது.

சரி, எனக்கு எந்தத் தடிமன்?

சான் பிரான்சிஸ்கோவிலிருந்து சாந்தா குரூஸ் வரை, ஒரே ஒரு சூட் வாங்க முடியும் என்றால் 4/3 முழுநீள சூட். இதில் எனக்குத் தயக்கமே இல்லை. உடம்பில் சதை குறைவாக இருப்பவர்கள், சீக்கிரம் நடுங்குபவர்கள், ஏப்ரல் மே மாதங்களில் தொடர்ந்து போகப்போகிறவர்கள் 5/4 வாங்கலாம், சூட்டோடு சேர்ந்த, தலையை மூடும் ஹூட் இருந்தால் இன்னும் நல்லது. 3/2 செப்டம்பர் அக்டோபரில் சில நாள் ஒத்துவரும், அதுவே முதல் சூட்டாக வேண்டாம்.

தென் கலிஃபோர்னியாவில் 3/2 ஒன்று வைத்துக்கொண்டால் வருடத்தின் பெரும் பகுதி ஓடிவிடும். ஜனவரி முதல் மார்ச் வரை 4/3 இருந்தால் நிம்மதி.

இங்கே பிறந்து வளர்ந்தவர் 3/2 போட்டுக்கொண்டு சிரித்தபடி அலை ஏறுவதைப் பார்த்து அதையே வாங்கிவிடாதீர்கள். உடம்பு குளிருக்குப் பழகச் சில மாதங்கள் ஆகும், ஆளுக்கு ஆள் மாறும். புதிதாகக் கற்பவர் தண்ணீரில் நின்று காத்திருக்கும் நேரம் அதிகம். அனுபவசாலி விடாமல் துடுப்புப் போட்டுக்கொண்டே இருப்பார், அந்தச் சூடு அவருக்கு உண்டு.

அளவு சரியாக இருக்கிறதா என்று எப்படித் தெரியும்?

தடிமனைவிட இதுதான் முக்கியம். நன்றாகப் பொருந்தும் 3/2, தொளதொளவென்ற 5/4ஐவிட உங்களைச் சூடாக வைத்திருக்கும்.

கடையில் போடும்போது இறுக்கமாக, ஏன், கொஞ்சம் மூச்சு முட்டுவது போலக்கூட இருக்கும். நனைந்ததும் இளகும். முதுகின் கீழ்ப்பகுதி, அக்குள், கவட்டை, கழுத்து இந்த நான்கு இடங்களைப் பாருங்கள். அங்கே காற்றுப் பை போல மடிப்பு விழுந்தால் அது தண்ணீர்ப் பையாகிவிடும். கவட்டையில் இடைவெளி இருந்தால் ஒன்று நீங்கள் சரியாக மேலே இழுக்கவில்லை, அல்லது சூட் உங்களுக்கு நீளம். கழுத்தில் ஒரு விரல் நுழையலாம், இரண்டு விரல் தாராளமாக நுழைந்தால் வேண்டாம். இரு கைகளையும் தலைக்கு மேலே தூக்கி, துடுப்புப் போடுவது போல நாலு முறை சுழற்றிப் பாருங்கள்.

அமெரிக்க அளவுகள் இங்கத்திய உடல்வாகுக்குச் செய்தவை. உயரம் குறைந்த நம்மில் பலருக்கு மீடியம் நெஞ்சில் சரியாக இருந்து கணுக்காலில் சுருண்டு கிடக்கும். பெரும்பாலான நிறுவனங்கள் மீடியம் ஷார்ட், லார்ஜ் ஷார்ட் என்று குட்டை அளவும் செய்கின்றன. கடையில் கேளுங்கள், மாட்டி வைத்திருக்க மாட்டார்கள், உள்ளேயிருந்து எடுத்து வருவார்கள். பெண்களுக்கான சூட்டில் 4, 6, 8, 10 என்று எண் வரும். ஆண்களுக்கானதைப் பெண்கள் போட்டால் இடுப்பிலும் முதுகிலும் தண்ணீர் தேங்கும், அந்தச் சமரசம் வேண்டாம்.

ஜிப் முதுகிலா, நெஞ்சிலா? தையலில் என்ன பார்க்க வேண்டும்?

முதுகு ஜிப் போடக் கழற்ற எளிது, விலையும் குறைவு. ஆனால் டைவ் அடிக்கும்போது அதன் வழியே முதுகுத்தண்டில் குளிர்நீர் இறங்கும். நெஞ்சு ஜிப்பில் தண்ணீர் வருவது குறைவு, முதுகும் தாராளமாக வளையும். பழகும்வரை உள்ளே நுழைவதுதான் கொஞ்சம் போராட்டம். 13 டிகிரிக்குக் கீழே எப்போதும் நெஞ்சு ஜிப்பைத்தான் சொல்வேன்.

தையலைத் திருப்பிப் பாருங்கள். துணி தைப்பது போல ஊசி இருபுறமும் துளைத்துப் போயிருந்தால் அந்த ஓட்டைகள் எல்லாவற்றிலும் நீர் கசியும், அது வெப்பக் கடலுக்கான சூட். பசை போட்டு ஒட்டி, ஒரு பக்கம் மட்டும் ஊசி இறங்கி மறுபக்கம் வராமல் தைத்திருந்தால் அதுதான் இங்கே வேண்டியது. மேலே ரப்பர் பட்டை ஒட்டியிருந்தால் இன்னும் பலம்.

நீச்சலுக்கான டிரையத்லான் சூட் என்னிடம் இருக்கிறதே?

அதை நீச்சலுக்கே வைத்துக்கொள்ளுங்கள். வெளிப்புறம் மிக மென்மையானது, போர்டிலும், வழுக்காமல் இருக்க அதில் பூசும் மெழுகிலும் உரசினால் இரண்டு நாளில் கிழியும்.

பூட்டி, கையுறை, ஹூட் எல்லாம் தேவையா?

பூட்டி, அதாவது காலுக்குப் போடும் ரப்பர் உறை, தேவை. 3 மில்லிமீட்டர் போதும். கால் விரல் மரத்துப்போனால் போர்டில் எங்கே கால் வைத்தோம் என்றே தெரியாது. கையுறையை நான் அதிகம் போடுவதில்லை, தண்ணீரைப் பிடிக்கும் உணர்வு போய்விடுகிறது. ஆனால் கை சீக்கிரம் மரத்துப்போகிறவர்கள் வெட்கப்படாமல் போடட்டும்.

ஹூட் பற்றிக் கொஞ்சம் கூடுதலாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் விஷயம் காதைப் பற்றியது. குளிர்ந்த நீரும் காற்றும் வருடக்கணக்கில் காதுக்குள் போனால், காதுத் துவாரத்தின் எலும்பு மெல்ல மெல்ல உள்ளே வளர ஆரம்பிக்கும். சர்ஃபர் காது என்றே அதற்குப் பெயர். துவாரம் குறுகி, தண்ணீர் உள்ளே தங்கி, அடிக்கடி தொற்று வரும், கேட்கும் திறனும் குறையும். முற்றினால் எலும்பைச் செதுக்கும் அறுவை சிகிச்சைதான் வழி. வலி இல்லாமல் வளர்வதால் பலருக்குத் தெரிவதே தாமதமாகத்தான். ஹூட் காதை மூடிக் காக்கும், அதோடு முதல் நாளிலிருந்தே காது அடைப்பானும் போடுங்கள். சத்தம் கேட்க விட்டு, தண்ணீரை மட்டும் தடுக்கும் வகை கிடைக்கிறது. இந்தப் பக்கத்தில் ஒன்றை மட்டும் கேட்பீர்கள் என்றால் இதைக் கேளுங்கள்.

வாங்கலாமா, வாடகைக்கு எடுக்கலாமா?

முதல் மூன்று நான்கு முறை வாடகை. பசிஃபிகாவில் லிண்டா மார் கடற்கரை, சாந்தா குரூஸில் கவல்ஸ், இரண்டும் புதிதாகக் கற்பவர்களுக்கான இடம், பக்கத்திலேயே கடைகள் உண்டு. ஓஷன் பீச்சுக்கு ஆரம்பத்தில் போகாதீர்கள், அங்கே இழுப்பு நீரோட்டம் பலமானது. வாடகை சூட் பலர் போட்டு இளகியிருக்கும், அதனால் உங்கள் அளவைவிட ஒன்று சிறியதையும் போட்டுப் பாருங்கள்.

பிறகு வாங்கிவிடுங்கள். புது 4/3 நல்லது ஒன்று 200 டாலரிலிருந்து கிடைக்கும். 400, 500க்கு மேல் போவதெல்லாம் இலகுவும் சீக்கிரம் உலரும் உள்துணியும்தான். பழையது வாங்கினால் முழங்கையையும் முழங்காலையும் மடக்கிப் பிடித்து வெளிச்சத்தில் பாருங்கள். நுரை நசுங்கிப் பேப்பர் போல ஆகியிருந்தால் அதில் சூடு தங்காது. எத்தனை மில்லிமீட்டர் என்று எழுதியிருந்தாலும் சரி.

என் பத்து வயது மகளையும் கூட்டிப்போகலாமா?

தாராளமாக. ஆனால் குழந்தையின் சிறிய உடம்பு பெரியவர்களைவிட வேகமாகச் சூட்டை இழக்கும். உங்களுக்கு 4/3 என்றால் அவளுக்கு 5/4, ஹூட், பூட்டி. வளர்வாள் என்று பெரிதாக வாங்கும் பழக்கம் நமக்கு உண்டு. பாவாடையில் அது சரி, வெட்சூட்டில் ஆபத்து. உதடு நீலமானால், பேசுவதைக் குறைத்தால், இன்னும் ஒரு அலை என்று அவள் கெஞ்சினாலும் வெளியே கூட்டி வாருங்கள்.

தண்ணீர் முகத்தில் பட்டதும் மூச்சு நின்றுவிடுவது போல இருக்கிறது. பயப்பட வேண்டுமா?

அது குளிர் அதிர்ச்சி. 15 டிகிரிக்குக் கீழே எல்லாருக்கும் வரும். உடம்பு தானாகவே ஒரு பெருமூச்சை உள்ளிழுக்கும், பிறகு மூச்சு வேகவேகமாக ஓடும். ஒரு நிமிடத்தில், அதிகம் போனால் மூன்று நிமிடத்தில் அடங்கிவிடும். அந்த நேரத்தில் தலை நீருக்குள் இருப்பதுதான் ஆபத்து. எனவே இடுப்பளவில் நின்று கழுத்து வழியாகக் கொஞ்சம் தண்ணீர் விட்டு, முகத்தைக் கழுவி, மூச்சு சீராகும்வரை காத்திருந்து பிறகு போர்டில் படுங்கள். இதய நோய், ரத்த அழுத்தம் உள்ளவர்கள் மருத்துவரிடம் கேட்காமல் இறங்க வேண்டாம்.

எவ்வளவு நேரம் இருக்கலாம்? எப்போது வெளியே வர வேண்டும்?

கடிகாரத்தைவிட விரலை நம்புங்கள். கட்டை விரலால் அதே கையின் சுண்டு விரலைத் தொட்டுப் பாருங்கள். தொட முடியவில்லை என்றால் உடனே கரைக்குத் திரும்புங்கள், அடுத்த அலை வரிசைக்காகக் காத்திருக்காதீர்கள். இன்னும் துடுப்புப் போடத் தெம்பு இருக்கும்போதே திரும்ப வேண்டும். புதியவர்களுக்கு முதல் சில வாரம் 45 நிமிடம் தாராளம்.

நடுக்கம் என்பது உடம்பு போராடுகிறது என்பதற்கு அடையாளம். பேச்சு குழறுவது, நடை தடுமாறுவது, கேட்டதற்குச் சம்பந்தமில்லாமல் பதில் சொல்வது, இதெல்லாம் வந்தால் உடம்பின் உள்வெப்பம் 35 டிகிரிக்குக் கீழே இறங்கத் தொடங்கிவிட்டது என்று எடுத்துக்கொள்ளுங்கள். குளிரில் இருக்கும் ஒருவருக்கு நடுக்கம் திடீரென்று நின்று அவர் தூங்கி வழிந்தால் அது தேறியதற்கு அறிகுறி இல்லை. உடனே அவசர உதவி எண் 911ஐ அழையுங்கள்.

கரைக்கு வந்த பிறகும் பத்து இருபது நிமிடம் உள்வெப்பம் இறங்கிக்கொண்டே இருக்கும், கை கால்களில் இருந்த குளிர்ந்த ரத்தம் திரும்பி வருவதால். நனைந்ததைக் கழற்றி, துடைத்து, குல்லாவும் கம்பளிச் சட்டையும் போட்டு, காரில் உட்காருங்கள். நடுக்கம் அடங்கும்வரை வண்டி ஓட்ட வேண்டாம். மதுவும் வேண்டாம், தோலுக்குச் சூடு வந்தது போலத் தோன்றும், உள்ளே இருப்பதையும் வெளியே விட்டுவிடும். நான் ஒரு பிளாஸ்கில் சுக்குக் காபி போட்டுக் கொண்டுபோவேன், கருப்பட்டி தூக்கலாக. வாகன நிறுத்தத்தில் அதைக் கேட்டு வாங்கிக் குடிக்கும் வெள்ளைக்கார நண்பர்கள் இப்போது நாலைந்து பேர்.

ஊரிலிருந்து கொண்டுவந்த மெழுகு வழுக்குகிறது, ஏன்?

அது வெப்பக் கடலுக்கான மெழுகு. 12 டிகிரியில் கல்லாக இறுகிவிடும். பழையதைச் சுரண்டி எடுத்துவிட்டு, குளிர்நீர் மெழுகு என்று எழுதியதைப் போடுங்கள். திரும்பி ஊருக்குப் போகும்போதும் இதே கவனம் வேண்டும், இங்கத்திய மெழுகு கோவளத்து வெயிலில் நெய்யாக உருகி ஓடும்.

வெட்சூட்டை எப்படிப் பார்த்துக்கொள்வது?

ஒவ்வொரு முறையும் நல்ல தண்ணீரில் அலசுங்கள். வெந்நீர், வாஷிங் மெஷின், ட்ரையர் மூன்றும் கூடாது. உள்பக்கத்தை வெளியே திருப்பி, நிழலில், இடுப்பில் மடித்துப் போட்டுக் காயவையுங்கள். தோளில் ஹேங்கர் மாட்டினால் ஈரத்தின் எடையில் தோள் இழுபட்டுவிடும். கழுத்து உராய்வுக்கு வாஸலின் தடவாதீர்கள், அது ரப்பரைக் கெடுக்கும். அதற்கென்றே களிம்பு விற்கிறார்கள். போடும்போது காலில் ஒரு பிளாஸ்டிக் பையை மாட்டிக்கொண்டால் வழுக்கிக்கொண்டு உள்ளே போகும். நகத்தால் பிடித்து இழுக்க வேண்டாம், விரல் சதையால் இழுங்கள்.

சூட்டுக்குள் சிறுநீர் போவது பற்றிக் கூச்சத்தோடு கேட்பவர்கள் உண்டு. குளிரில் சிறுநீர் அதிகம் சுரப்பது இயல்பு, எல்லாருக்கும் நடக்கிறது. சொந்த சூட்டில் போனால் அன்றே நன்றாக அலசுங்கள். வாடகை சூட்டில் வேண்டாம்.

நியோப்ரீனுக்கு மாற்று உண்டா?

உண்டு. நியோப்ரீனின் மூலப்பொருளான குளோரோப்ரீன் புற்றுநோய் உண்டாக்கக்கூடியது என்று அமெரிக்கச் சுற்றுச்சூழல் முகமை 2010இல் மதிப்பிட்டது. லூயிசியானாவில் நியோப்ரீன் ஆலை ஒன்றைச் சுற்றி வாழ்ந்த மக்கள் பல வருடம் இதற்காகப் போராடியிருக்கிறார்கள். சுண்ணாம்புக் கல்லிலிருந்து செய்தது என்று விற்பதும் கடைசியில் அதே குளோரோப்ரீன்தான். பாட்டகோனியா நிறுவனம் 2016இல் ரப்பர் மரத்துப் பாலிலிருந்து செய்த யூலெக்ஸ் சூட்டுகளுக்கு மாறியது, பிறகு வேறு சில நிறுவனங்களும் அதே பொருளை எடுத்துக்கொண்டன. விலை கொஞ்சம் அதிகம், கதகதப்பில் குறையில்லை. குலசேகரம் பக்கம் ரப்பர் தோட்டங்களுக்கு நடுவே வளர்ந்த எனக்கு, பால் வெட்டும் மரத்திலிருந்து இந்தக் கடலுக்கான உடை வருகிறது என்பதில் தனிச் சந்தோஷம். அடுத்த சூட் அதுதான் வாங்கப்போகிறேன்.

விடுமுறைக்கு ஊருக்குப் போகும்போது வெட்சூட்டை எடுத்துப்போகலாமா?

வேண்டாம். கோவளத்திலும் அறுகம்பேயிலும் தண்ணீர் 26 முதல் 30 வரை. 3/2 போட்டால்கூட அரை மணி நேரத்தில் தலை சுற்றும். வெயிலுக்கும் போர்டு உராய்வுக்கும் ரேஷ் கார்டு என்னும் மெல்லிய முழுக்கைச் சட்டை ஒன்று போதும். மிச்சமாகும் எடைக்கு வரும்போது கருப்பட்டி கொண்டு வாருங்கள்.